எடுத்தாளத் தடையில்லாத தொண்டு: சமூகப் பயன் மென்பொருள் விருதின் பின்னணி

தொண்டு நிறுவனங்களும் தன்னார்வக் குழுக்களும் மென்பொருளைச் சமூகப் பணிக்குப் பயன்படுத்தும் விதத்தைப் பாராட்டி வழங்கப்படும் விருதுகள் இன்று பல. மென்பொருள் நிறுவனங்கள், தம் தயாரிப்பைத் திறம்படக் கையாண்ட தொண்டு நிறுவனங்களுக்குத் தருபவை ஒரு வகை. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடைபெறும் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா விழாவில் 2004இல் சேர்க்கப்பட்ட டிஜிட்டல் சமூகங்கள் பிரிவைப் போல, கற்பனை வளத்தையும் புதுமையையும் முதன்மையாகப் பார்ப்பவை இன்னொரு வகை. அமெரிக்காவின் டைட்ஸ் அறக்கட்டளை வழங்கிய பிட்சிகாட்டி பரிசைப் போல, பொதுநலனுக்காக நிரல் எழுதும் தனி ஒருவருக்கு 10,000 டாலர் கொடுத்து ஊக்குவித்தவை வேறொரு வகை. இவற்றினிடையே, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2005ஆம் ஆண்டு தொடங்கி வழங்கிவரும் ‘சமூகப் பயன் திட்டங்களுக்கான விருது’ தனித்துக் கவனிக்கத்தக்கது. ஒரு மென்பொருள் எத்தனை பேருக்கு உதவியது என்று கேட்பதோடு அது நின்றுவிடுவதில்லை. உருவாக்கியவரின் அனுமதிக்குக் காத்திராமல், வேறொரு நாட்டில் வேறொரு துயரத்தின் நடுவே நிற்கும் ஒருவர் அதை எடுத்து, தம் தேவைக்கேற்ப மாற்றி, அன்றே இயக்க முடியுமா என்றும் சேர்த்தே கேட்கிறது. சமூகப் பணிக்கான மென்பொருளை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த விருதைப் பெற்ற பணிகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் வலுப்படுகிறதேயன்றிக் குறையவில்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அறக்கட்டளையின் அடிப்படைக் கொள்கை நான்கு உரிமைகளில் அடங்கும்: மென்பொருளை எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம்; அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தலாம்; படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்; திருத்திய பதிப்பையும் பகிரலாம். இந்த உரிமைகளை வளர்த்த தனிநபர்களுக்காக 1998 முதல் ஒரு விருது வழங்கப்பட்டு வந்தது. பெர்ல் நிரல்மொழியை உருவாக்கிய லாரி வால் அதன் முதல் விருதாளர். ஆனால் அது நிரலாளர்களை நிரலாளர்களே பாராட்டிக்கொள்ளும் விருதாகவே இருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே, மருத்துவமனையிலும் அகதி முகாமிலும் நூலகத்திலும் இந்த மென்பொருள்களால் என்ன நிகழ்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அங்கே இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்கியது இலங்கையில் நடந்த ஒரு பணி. அறக்கட்டளையின் அன்றைய செயல் இயக்குநர் பீட்டர் பிரவுன் இரண்டாவது விருதை அறிவித்தபோது, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க இலங்கையில் எழுதப்பட்ட சஹானா என்ற மென்பொருளே அதற்குத் தூண்டுதல்களில் ஒன்று என்று கூறினார். தெற்காசியாவின் ஒரு சிறிய தீவில், பேரழிவின் நடுவே சில தன்னார்வலர்கள் செய்த காரியம் உலகளாவிய ஒரு விருதுக்கே வித்திட்டது என்பதைத் தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

விருதுக்கான விதிகளைப் படித்தால் அவை எவ்வளவு யோசித்து எழுதப்பட்டவை என்பது புலப்படும். கட்டற்ற மென்பொருளையோ அந்த இயக்கத்தின் கருத்துகளையோ பயன்படுத்தி, வாழ்வின் பிற துறைகளில் சமூகத்துக்குக் குறிப்பிடத்தக்க நன்மையைத் திட்டமிட்டே செய்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. தற்செயலாக விளைந்த நன்மை போதாது. கட்டற்ற மென்பொருளைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட திட்டங்கள் இந்த விருதுக்குத் தகுதி பெறா. தன் கொள்கையைப் பரப்புவோருக்குத் தானே பரிசளிக்கும் வழியை அறக்கட்டளை இவ்வாறு அடைத்துவிட்டது. நீண்டகால ஈடுபாடு, அல்லது அத்தகைய ஈடுபாட்டுக்கான வாய்ப்பு, இன்றியமையாதது என்றும் விதி கூறுகிறது. இந்தக் கடைசி நிபந்தனைதான், ஓரிரு நாள் போட்டியில் எழுதப்பட்டு மறு வாரமே கைவிடப்படும் செயலிகளிலிருந்து இந்தப் பட்டியலைப் பிரித்துக் காட்டுகிறது.

2005ஆம் ஆண்டுக்கான முதல் விருது விக்கிப்பீடியாவுக்குச் சென்றது. 2006ஆம் ஆண்டுக்கான விருதைச் சஹானா பெற்றது. இந்தப் பட்டியலிலேயே நான் மிக முக்கியமானதாகக் கருதுவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் கடற்கரை மாவட்டங்களைத் தாக்கிய ஆழிப்பேரலையில் இறந்தோரும் காணாமற் போனோரும் 35,000 பேருக்கும் மேல். வீடிழந்தோர் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு முதல் காலி, அம்பாந்தோட்டை வரை பள்ளிகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் முகாம்களாயின. உதவி வரவில்லை என்பது மட்டுமே அன்றைய சிக்கலாக இருக்கவில்லை. வந்த உதவி எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியாததும் சிக்கலாக இருந்தது. ஒரு முகாமுக்கு மூன்று அமைப்புகள் அரிசி கொண்டுபோயிருக்க, அடுத்த ஊரின் முகாமுக்கு ஒருவரும் போகாமல் இருக்கக்கூடும். ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரை ஒரு முகாமின் பதிவேட்டில் எழுதிவைத்திருக்க, அந்தப் பிள்ளையின் பெயர் வேறொரு முகாமின் பதிவேட்டில் இருக்கக்கூடும். இரண்டு தாள்களையும் ஒருசேரப் பார்க்கும் ஒருவர் இல்லாதவரை அந்தக் குடும்பம் ஒன்றுசேர வழியில்லை.

கொழும்பிலிருந்த லங்கா சாப்ட்வேர் பவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பைச் சுற்றித் திரண்ட நிரலாளர்கள் சில நாள்களிலேயே சஹானாவை எழுதத் தொடங்கினர். சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். அந்த அமைப்பின் நிறுவனர் சஞ்சீவ வீரவரன, திட்டத்தை முன்னின்று நடத்திய சமிந்திர த சில்வா ஆகியோரின் பெயர்கள் பொதுவெளியில் அறியப்பட்டவை. வேலை நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் வந்து உழைத்த எத்தனையோ பேரின் பெயர்கள் அப்படி அறியப்படவில்லை. அரசு அமைத்த தேசியச் செயற்பாட்டு மையத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

சஹானா உண்மையில் சில பதிவேடுகளின் தொகுப்பே. எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன பணி செய்கிறது என்பதற்கு ஒரு பதிவேடு. எந்த முகாமில் எத்தனை பேர் என்பதற்கு ஒன்று. எங்கே என்ன தேவை, அதை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதற்கு ஒன்று. காணாமற் போனோருக்கு ஒன்று. கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஆனால் காணாமற் போனோர் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தகவல் தருபவர் அழுதுகொண்டிருப்பார். தேடப்படுபவருக்கு வயது ஆறா ஏழா என்று அயலாருக்குத் தெரியாது. ஒரே பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலாக மாறும். சுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் விடை தருவேன் என்று அடம்பிடிக்கும் தேடல் அங்கே பயனற்றது. எனவே ஒலிப்பில் ஒத்துவரும் பெயர்களையும் எடுத்துக்காட்டும் தேடலும், உடை, உயரம், அடையாளக் குறி போன்றவற்றைப் பதியும் இடங்களும் தேவைப்பட்டன. மனிதத் துயரத்தின் இயல்பைப் புரிந்துகொண்டு ஒரு படிவத்தை வடிவமைப்பது சிறிய வேலை அன்று. படைப்பாற்றல் என்ற சொல்லை இத்தகைய விருதுகளில் நான் இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சஹானா விருதுக்குரியதானது ஆழிப்பேரலை நாள்களில் அன்று. அதற்குப் பிந்தைய ஆண்டில். அவசரத்தில் எழுந்த முதல் பதிப்பு இலங்கையின் அன்றைய தேவையை மட்டுமே மனத்தில் கொண்டது. அதை அப்படியே விட்டிருந்தால் பேரழிவு நினைவுகளோடு அதுவும் மறக்கப்பட்டிருக்கும். ஆனால் சுவீடன் அரசின் வளர்ச்சி உதவி முகமையான சிடாவின் நிதியுதவியுடன் 2005இல் அதைப் புதிதாக எழுதினார்கள். எந்த நாட்டிலும் எந்தப் பேரிடரிலும் பொருந்தும்படி பொதுவாக்கினார்கள். எளிய வழங்கியிலும் (சர்வர்) ஓடும்படி பிஎச்பி, மைஎஸ்கியூஎல் போன்ற பரவலான கருவிகளுக்கு மாற்றினார்கள். இணைய இணைப்பு அறுந்த இடத்தில் ஒரு மடிக்கணினியிலிருந்தே இயக்கவும் வழி செய்தார்கள். எவரும் எடுத்துப் பயன்படுத்த இடமளிக்கும் எல்ஜிபிஎல் உரிமத்தில் அதை வெளியிட்டார்கள்.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீர்ப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், பாகிஸ்தானின் தேசியத் தரவுத்தள அமைப்பான நாத்ரா சஹானாவை எடுத்துப் பயன்படுத்தியது. 2006 பிப்ரவரியில் பிலிப்பீன்சின் தெற்கு லெய்ட்டே மாகாணத்தில் கின்சாவுகோன் கிராமத்தை மண்சரிவு மூடியபோதும், அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலம் அதிர்ந்தபோதும் அது அங்கே சென்றது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, பைத்தான் மொழியில் மீண்டும் எழுதப்பட்ட அதன் ஈடன் பதிப்பு, மருத்துவமனைகளையும் உதவி அமைப்புகளையும் பற்றிய விவரங்களைத் தொகுக்கப் பயன்பட்டது. இவற்றில் எந்த இடத்திலும் உரிமக் கட்டணம் பற்றியோ, எத்தனை பேர் உள்நுழையலாம் என்ற வரம்பு பற்றியோ பேச்சுவார்த்தை நடத்தி நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. இடிபாட்டின் கீழ் உயிரோடு ஒருவர் இருக்கக்கூடிய நேரம் மணிக்கணக்கில் எண்ணப்படும்போது, ஒப்பந்தத்தில் கையொப்பமிடத் தேவையில்லாத உரிமம் என்பது சட்ட நுணுக்கமாக இருப்பதில்லை, நிவாரணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

இதே தர்க்கம் மருத்துவத் துறையில் எப்படி வேலை செய்தது என்பதை 2012ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற, நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் பேணும் மென்பொருளான ஓப்பன்எம்ஆர்எஸ் காட்டுகிறது. கென்யாவின் எல்டோரெட் நகரை மையமாகக் கொண்ட எச்ஐவி சிகிச்சைத் திட்டத்தில், மோசோரியட் கிராமச் சுகாதார நிலையத்துக்கென மைக்ரோசாப்ட் ஆக்சஸில் உருவாக்கிய ஒரு சிறிய பதிவு முறை முதலில் இருந்தது. சிகிச்சைக்கு வருவோர் பெருகப் பெருக, அது தாங்காது என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் பர்க் மாம்லினும் பால் பியாண்டிச்சும் 2004இல் அங்கே சென்று நிலைமையைப் பார்த்த பிறகு புதிய வடிவமைப்பில் இறங்கினர். ருவாண்டாவிலும் ஹைட்டியிலும் பணிபுரிந்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனமும் அதே சிக்கலில் இருந்ததால் கைகோத்தது. 2006இல் எல்டோரெட்டிலும் பின்னர் ருவாண்டாவின் ரவின்க்வாவுவிலும் அது இயங்கத் தொடங்கியது.

அந்த வடிவமைப்பின் நயம் ஒரு சிறிய முடிவில் இருக்கிறது. எடை என்ன, இருமல் உண்டா, எந்த மருந்து தரப்பட்டது என்பன போன்ற கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் அவர்கள் நிரலுக்குள் எழுதி வைக்கவில்லை. ஓர் அகராதி போலத் தரவுத்தளத்திலேயே தனியாக வைத்தார்கள். ஆதலால் எச்ஐவிக்கென நிறுவிய மென்பொருளில் காசநோய்க்கான புதிய படிவத்தைச் சேர்க்க நிரலாளர் ஒருவர் கடல் கடந்து வர வேண்டியதில்லை; உள்ளூர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவரே அகராதியில் புதிய சொற்களைச் சேர்த்துப் படிவத்தை அமைத்துவிடலாம். செவிலியர் தாளில் நிரப்பிய படிவத்தைத் தரவு உள்ளிடுவோர் பின்னர் கணினியில் ஏற்றும் நடைமுறைக்கும் அது இடம்கொடுத்தது. ஏனெனில் நோயாளிகள் வரிசையில் நிற்கும் அறையில், மருத்துவரின் மேசை மீது கணினி இருக்கும் என்றோ மின்சாரம் இருக்கும் என்றோ எண்ண முடியாது.

இந்த மென்பொருள் இந்தியாவுக்கும் வந்தது. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூருக்கு அருகிலுள்ள கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு ஏழை மக்களுக்கான மருத்துவமனை ஒன்றை நடத்திவருகிறது. அங்கே பயன்படுத்துவதற்காகத் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் குழு, ஓப்பன்எம்ஆர்எஸ்ஸையும் ஆய்வகம், கணக்கு ஆகியவற்றுக்கான வேறு இரண்டு கட்டற்ற மென்பொருள்களையும் இணைத்துப் பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருளை உருவாக்கியது. பாம்னியும் அங்கிருந்து பிற நாடுகளுக்குச் சென்றது. கென்யாவின் ஒரு சுகாதார நிலையத்தில் எழுந்த தேவைக்குக் கிடைத்த விடை, சத்தீஸ்கரின் காட்டோர மருத்துவமனையில் இன்னும் சில உறுப்புகளைப் பெற்று மீண்டும் உலகுக்குத் திரும்பியது. உரிமம் இறுக்கமாக இருந்திருந்தால் இப்பயணத்தின் முதல் அடியே எடுத்து வைக்கப்பட்டிருக்காது. ஓப்பன்எம்ஆர்எஸ்ஸுக்கு முந்தைய ஆண்டான 2011க்கான விருதும், கேனரித் தீவுகளைச் சேர்ந்த மருத்துவர் லூயிஸ் ஃபால்கோன் தொடங்கிய குனூ ஹெல்த் என்ற மருத்துவ மென்பொருளுக்கே சென்றது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவப் பதிவுகளுக்கே விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஒரு நிறுவனத்தின் தனியுடைமையான மென்பொருளில் பூட்டப்பட்ட நோயாளியின் பதிவு, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த மருத்துவமனைக்கே எட்டாமல் போகலாம்.

பட்டியலில் உள்ள வேறு சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். படைப்புகளைப் பிறர் பகிர அனுமதிக்கும் உரிமங்களைத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் 2008க்கும், வலைப்பக்கங்களையும் நூல்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2009க்கும், இணையத்தில் அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் 2010க்கும் விருது பெற்றன. ஈரானிலும் எகிப்திலும் எதிர்க்குரல் எழுப்பியோருக்கு டோர் துணைநின்றதை அறக்கட்டளை அப்போது எடுத்துரைத்தது. பழைய கணினிகளைச் சீராக்கி வசதியற்ற மாணவர்களின் வீடுகளில் நிறுவித் தந்த டெக்சாசின் ரீகுளூ 2014க்கும், செய்தியாளர்களுக்கு இரகசியமாக ஆவணங்களை அனுப்ப வழிசெய்யும் செக்யூர்டிராப் 2016க்கும், தெருப் பெயர் முதல் குடிநீர்க் குழாய் வரை எவரும் குறிக்கக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2018க்கும், வலைத்தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டணமின்றித் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2019க்கும் பெற்றன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, நீர் புகுந்த தெருக்களை மக்களே குறித்த இணைய வரைபடம் அந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு மீது எழுப்பப்பட்டதே.

இரண்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 2017க்கான விருதாளரான, சுற்றுச்சூழல் மாசை மக்களே ஆராய உதவும் பப்ளிக் லேப் அவற்றில் ஒன்று. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து, 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. கசிவுக்கு மேலே பறக்கவும் கரையை அணுகவும் செய்தியாளர்களுக்குக்கூடத் தடைகள் இருந்தன. அப்போது, பின்னர் பப்ளிக் லேப் ஆன குழுவினரும் லூசியானாக் கடற்கரை மக்களும் ஹீலியம் பலூன்களிலும் பட்டங்களிலும் மலிவான டிஜிட்டல் கேமராக்களைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். கேமராவின் பொத்தான் மீது ஒரு சிறு துண்டை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால் அது தொடர்ந்து படமெடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் அதற்குக் கவசம். இப்படிக் கிடைத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று பொருத்தி வரைபடமாக்க மேப்நிட்டர் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். எண்ணெய் எதுவரை வந்தது என்பதற்கு நிறுவனத்தின் சொல்லையோ அரசின் சொல்லையோ மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறி, மீனவக் குடும்பங்களின் கையிலேயே சான்று வந்தது. மென்பொருள் இங்கே பணியின் ஒரு கண்ணி மட்டுமே. பட்டத்தின் நூலைப் பிடித்திருந்த கையும் அதே அளவுக்கு முக்கியம். விருதுக் குழு அதைப் புரிந்துகொண்டதை நான் மதிக்கிறேன்.

மற்றொன்று 2015க்கான விருதாளரான லைப்ரரி ஃப்ரீடம் ப்ராஜெக்ட். நூலகர் அலிசன் மெக்ரீனா தொடங்கிய இந்த அமைப்பு, வாசகர்களின் அந்தரங்கத்தைக் காக்கும் கருவிகளைப் பொது நூலகங்களில் நிறுவ நூலகர்களுக்குப் பயிற்சியளித்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனன் நகரிலுள்ள கில்டன் நூலகம் 2015இல் டோர் வலையமைப்பின் ஒரு கணுவை, அதாவது பயனர்களின் தரவைக் கடத்திவிடும் கணினியை, தன் கட்டடத்திலேயே இயக்க முன்வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடமிருந்து உள்ளூர்க் காவல்துறைக்கு எச்சரிக்கை வர, நூலகம் அதை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் நூலக வாரியம் கூடியபோது ஊர் மக்கள் திரண்டு வந்து ஆதரவாகப் பேசினர். கணு மீண்டும் இயக்கப்பட்டது. இங்கே புதிதாக எழுதப்பட்ட மென்பொருள் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த கருவியைப் பொதுமக்களின் உரிமையோடு இணைத்ததே பணி. நிரலே எழுதாத ஓர் அமைப்பும் இந்த விருதைப் பெறலாம் என்பது இதன் விரிவுக்குச் சான்று.

இனி, விருதின் எல்லைகளையும் நேராகச் சொல்ல வேண்டும். முதலாவது, பணம். தொண்டுப் பணிக்கான மென்பொருளை எழுதி முடிப்பதைவிட ஆண்டுதோறும் பேணுவது கடினம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கும் வழங்கிக்குக் கட்டணம் செலுத்துவதற்கும் புதியவர்களுக்குக் கற்றுத்தருவதற்கும் நன்கொடையாளர்கள் எளிதில் காசு கொடுப்பதில்லை. இதற்கு ஓரளவு விடை கண்ட அமைப்பு 2020க்கான விருதாளரான சிவிசிஆர்எம். விற்பனைக்காக எழுதப்பட்ட வாடிக்கையாளர் மென்பொருளுக்கு ஒருவர் வாங்குபவர் மட்டுமே; ஆனால் தொண்டு நிறுவனத்துக்கு ஒருவரே நன்கொடையாளராகவும் தன்னார்வலராகவும் உறுப்பினராகவும் சென்ற மாதக் கூட்டத்துக்கு வந்தவராகவும் இருப்பார். அந்த உறவுகளையெல்லாம் ஒரே பதிவில் காட்டும்படி எழுதப்பட்ட சிவிசிஆர்எம்மை விக்கிமீடியா அறக்கட்டளை தன் நன்கொடைகளைக் கையாளப் பயன்படுத்துகிறது. விருது வழங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அதன் பயனரே. ஒரு வசதி தேவைப்படும் பல அமைப்புகள் சேர்ந்து செலவைப் பங்கிட்டு அதை எழுதச் செய்யும் முறையை அந்தச் சமூகம் வளர்த்தெடுத்தது. எழுதி முடித்த வசதி, பணம் கொடுக்காதவர்க்கும் கிடைக்கும். என் பார்வையில், அந்த ஆண்டின் விருது மென்பொருளுக்குக் கிடைத்ததைப் போலவே அந்தப் பங்கீட்டு முறைக்கும் உரியது.

இரண்டாவது எல்லை, கொள்கைக்கும் களத்துக்கும் இடையிலானது. சிவிசிஆர்எம்மின் நிறுவனர்களில் ஒருவரான டொனால்ட் லோபோ பின்னர் இந்தியத் தொண்டு நிறுவனங்களோடு பணியாற்றத் தொடங்கினார். அந்த முயற்சியில் கிளிஃபிக் என்ற மென்பொருள் உருவானது. ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பெற்றோருடனும் பயனாளிகளுடனும் வாட்ஸ்அப் வழியாக உரையாட அது உதவுகிறது. கிளிஃபிக்கின் மூலநிரல் திறந்தது. ஆனால் அது சவாரி செய்யும் வாட்ஸ்அப் ஒரு தனியார் நிறுவனத்தின் சேவை. கட்டற்ற மென்பொருளின் கண்டிப்பான கண்ணோட்டத்தில் இது குறை. ஆனால் கிராமத்துத் தாயின் கைப்பேசியில் ஏற்கெனவே இருப்பதும் அவர் பயன்படுத்தத் தெரிந்ததும் வாட்ஸ்அப்தான். இன்னொரு செயலியை நிறுவச் சொன்னால் அவரை அடையவே முடியாது. இரு பக்கமும் நியாயம் உண்டு. கொள்கையைத் தளர்த்தாமலே, இத்தகைய சமரசங்களின் நடுவே நடக்கும் நல்ல பணிகளையும் எடைபோட விருதுக் குழு வழி காண வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

மூன்றாவது குறை எனக்கு மிகவும் உறுத்துவது. 2005 முதல் 2023 வரையிலான விருதாளர்களை நாடுவாரியாகப் பார்த்தால் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. பிரெஞ்சு அரசின் மூலநிரல் திட்டமான 2023இன் விருதாளரையும், கனடாவில் உருவான, இணையவழி உரையாடலுக்கான மென்பொருளாகிய 2022இன் ஜாமியையும் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. தெற்காசியாவில் பிறந்த பணி என்று சொல்ல இன்றுவரை சஹானா ஒன்றுதான். விருதுக்கே தூண்டுதலாக இருந்த பகுதியிலிருந்து அதன் பிறகு வேறெதுவும் தேர்வாகவில்லை. இதற்குத் தேர்வுக் குழுவை மட்டும் குறைகூற முடியாது. எவர் வேண்டுமானாலும் எந்தத் திட்டத்தையும் பரிந்துரைக்கலாம் என்பதே விதி. பரிந்துரைகள் நம் பக்கத்திலிருந்து போதிய அளவில் போகவில்லை என்பதே என் ஊகம். போனாலும், பயனாளிகளின் மொழியில் நடக்கும் பணியின் ஆழத்தை ஆங்கிலத்தில் சில பத்திகளில் விளக்குவது எளிதன்று.

தமிழிலிருந்து ஒரு பரிந்துரையை எழுதுவதென்றால் நான் நூலகம் நிறுவனத்தைச் சொல்வேன். 2005இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய அது, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் செய்தித்தாள்களையும் துண்டுப் பிரசுரங்களையும் மின்வருடி எவரும் படிக்கத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், அதன் பின் போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அலமாரிகளோடு அழிந்த எண்ணற்ற பிரதிகளையும் அறிந்தவர்களுக்கு இந்தப் பணியின் எடை தெரியும். அதன் எண்ணிம நூலகம் இயங்குவது மீடியாவிக்கியில், அதாவது இந்த விருதின் முதல் விருதாளரான விக்கிப்பீடியாவுக்கென எழுதப்பட்ட அதே கட்டற்ற மென்பொருளில். கலைக்களஞ்சியம் எழுத உருவாக்கிய கருவியை நூற்பட்டியலாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் ஆண்டுக்கும் பகுப்புகள் என அமைத்திருக்கிறார்கள். சமூகத்துக்கான நன்மை திட்டமிட்டதா என்ற நிபந்தனையும், நீண்டகால ஈடுபாடு உண்டா என்ற நிபந்தனையும், மென்பொருளை அதன் பழைய எல்லைக்கு வெளியே கொண்டுசென்றார்களா என்ற எதிர்பார்ப்பும் அங்கே ஒருசேர நிறைவேறுகின்றன. பரிந்துரையில் இணைக்க வேண்டிய சான்று என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. பல்லாயிரக்கணக்கான பக்கங்களாக அது திறந்தே கிடக்கிறது.